மூச்சைச் சேர்த்து வைக்கச் சொன்ன மகனுக்கு

தம்பி, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ ஃபோனில் "சேவ் யுவர் பிரெத்" என்று சொன்ன நாளிலிருந்து, அதன் அர்த்தம் எனக்குத் தெரியவந்த நாள்வரை, அதைச் சொல்லி நான் பெருமையடித்துக்கொள்ளாத ஆள் நம் ஊரில் பாக்கி இல்லை. டீக்கடையில் சொன்னேன். முடிவெட்டிக்கொள்ளும்போது கழுத்தை அசைக்காமல் சொன்னேன். நான் ஓட்டுகிற மினி பஸ்ஸில் முன்சீட்டில் கூடையோடு உட்காரும் பூக்காரம்மாவிடம் சொன்னேன். "எம் மவன் என் மூச்சச் சேத்து வைக்கச் சொல்லிருக்கான், இங்கிலீஷ்ல" என்று. அன்னவாசலில் என் இளைப்புக்கு மருந்து எழுதித் தரும் டாக்டரையும் விடவில்லை. அவர் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எம் மவனும் அதையேதாங்க சார் சொன்னான், சேவ் யுவர் பிரெத்துன்னு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மாத்திரையைக் கூடுதலாக எழுதினார். படித்த மனுஷர், அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீயும் சுபாவும் சென்னை போய்ச் சேர்ந்துவிட்டதாக உங்கம்மா சொன்னாள். இங்கே பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குழிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனதால், வாசலில் கால் மாட்டாமல் நடப்பதே ஒரு வேலையாக இருக்கிறது. மிச்சமான தேங்காய்களுக்கு நடுவில் உங்கம்மா படுத்துத் தூங்குகிறாள். எனக்கு உடம்பு அடித்துப் போட்டமாதிரி கிடக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் செய்வதற்கே இப்படி என்றால், நாலைந்து பெற்றவர்கள் எப்படி எழுந்து நடமாடினார்களோ. நான் இன்றைக்கு உனக்கு எழுதுவது ஆசீர்வாதம் அனுப்ப அல்ல, அதை மேடையிலேயே அரிசியாகப் போட்டாயிற்று. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறப் போகும்போது நீ என் கையைப் பிடித்து, "மைக்ல எதுவும் பேசாம இருந்ததுக்குத் தேங்க்ஸ்ப்பா" என்றாய். நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் சுபா குனிந்துகொண்டு கைப்பைக்குள் எதையோ தேடினாள். அதற்குள் தேடுகிறமாதிரி எதுவும் இல்லை, அது எனக்குத் தெரியும். நான் ஆட்டிய அந்தத் தலையைத்தான் இப்போது சரிசெய்யப் பார்க்கிறேன். ஃபோனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், எனக்கு இளைக்கும். எழுதிவிட்டால் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அரிமளத்தில் நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாய், என் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார். நிச்சயத் தாம்பூலம் மாற்றி முடிந்ததும் சுபாவின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே பிள்ளை. "நல்லாப் பாத்துக்கங்க சம்பந்தி" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். படித்த குடும்பம், பெண் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர், நாமும் ஒரு வார்த்தையாவது அவர்கள் தரத்துக்குச் சொல்வோம் என்று ஆசைப்பட்டேன். உங்கள் பிள்ளையை எங்கள் வீட்டில் சேஃபாக வைத்துக்கொள்வோம் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. என் இளைப்புக்கு வாங்கிக் கொடுத்த ஸ்பிரேயைப் பற்றி நீ எப்போது பேசினாலும் "சேஃபா கீப் பண்ணுங்கப்பா" என்பாயே, அந்த இரண்டு வார்த்தையும் எனக்குள் ஒரே பையில் கிடந்தன. அவசரத்தில் கையை விட்டேன், மற்றது வந்துவிட்டது. "கவலையே படாதீங்க சம்பந்தியம்மா, ஒங்க பிள்ளைய நாங்க கீப்பா வச்சுக்குவோம்" என்றேன். கூட்டம் நிறைந்த கூடத்தில், பஸ்ஸில் பின்சீட்டுவரை கேட்கிற சத்தத்தில்.

அந்த வார்த்தைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். வாயை விட்டுப் போனதும் தெரிந்துவிட்டது, ஆனால் அப்போது அதன் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் இருமினார், அந்த இருமல் அந்த வரிசை முழுக்கப் பரவியது. சுபாவின் அம்மா கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். உங்கம்மா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நீ செல்ஃபோனைப் பார்த்தாய். சுபா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு வைத்த சாப்பாட்டில் பாயசம் இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது.

என் மேல் மட்டும் தப்பில்லை, தம்பி, இந்த வார்த்தைகள் மேலும் இருக்கிறது. பண்டத்தை, பாத்திரத்தை எடுத்து வைக்க வெள்ளைக்காரன் செய்த வார்த்தைகளை நாம் வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கிற பொம்பளைக்குப் பெயராகச் சூட்டிவிட்டோம். கீப் அப்படி. செட்டப் அப்படி. ஸ்டெப்னி அப்படி. ஸ்டெப்னியை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை பஸ் ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன். கிளீனர் பையன் மாற்று டயரைத் தட்டிக் காட்டி, அண்ணனுக்கு முதலாளி புது ஸ்டெப்னி வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்றான். நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாய். வீட்டில் உங்கம்மா அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே நீ ஆரம்பித்தாய்: "அம்மா, அப்பா புது ஸ்டெப்னி வச்சுருக்காரு. நான் தொட்டுப் பாத்தேன். நல்லாக் கறுப்பா, கொழுகொழுன்னு இருக்கு." உரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. "எந்த ஊர்லடா இருக்கு?" என்று உங்கம்மா கேட்டாள், ரொம்ப அமைதியாக. "பஸ்ஸுக்கு அடியிலதான் படுத்துருக்கு" என்றாய் நீ. அந்தப் பெண்கள் சிரித்து அடங்க நேரமாயிற்று. எனக்கு அன்று மத்தியானம் பழைய சோறுதான். ஆனால் யாரும் உன்னை வாயை மூடச் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் விசேஷம் என்றால்கூட உன்னை நடுவில் நிற்க வைத்து இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பதை நீயே யோசித்துக்கொள்.

நிச்சயம் முடிந்த அடுத்த வாரம் நீ ஃபோன் பண்ணினாய். கீரனூரில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். கல்யாணத்தன்று மைக்கில் இரண்டு வார்த்தை பேசி அந்தப் பேச்சைச் சரிபண்ணிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே இளைப்பு வந்து வாக்கியம் நின்றுவிட்டது. நீ "சேவ் யுவர் பிரெத்ப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் நம் கண்டக்டரிடம் கேட்டேன், அவன் பிளஸ் டூ. சேவ் என்றால் சேர்த்து வைப்பது, பிரெத் என்றால் மூச்சு என்று பிரித்துச் சொன்னான். இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன். அப்பன் இளைக்கிறது அவனுக்குச் சென்னைவரை கேட்டிருக்கிறது பார் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்றிலிருந்து சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். ரோட்டை மறிக்கிற ஆட்டைத் திட்டவில்லை, குறுக்கே வருகிற பைக்குக்காரனைத் திட்டவில்லை, ஹாரனோடு நிறுத்திக்கொண்டேன். ஏறுகிற கிழவிகளைக் கிண்டல் பண்ணவில்லை. நான் சும்மா வண்டி ஓட்டுவதைப் பார்த்த சனங்கள் பல்வலியா என்று கேட்டார்கள். ஒருத்தி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

முகூர்த்தப் புடவையின் ரவிக்கைத் துணியைத் தைக்கக் கொடுக்க வேண்டும் என்று உங்கம்மா என்னை அரிமளத்துக்கு அனுப்பினாள். சுபாவின் அப்பா பத்திரிகை வைக்கப் போயிருந்தார். சம்பந்தியம்மா வாங்க என்றார், தண்ணீர் கொடுத்தார், அடுப்படிக்குப் போய்விட்டார். நிச்சயத்தன்று போனதுபோலவே போனார். சுபா எதிரில் உட்கார்ந்து ஏதேதோ கேட்டாள், நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

"என்ன மாமா, இன்னைக்கு இம்புட்டு அமைதி?" என்றாள்.

மூச்சைச் சேர்த்து வைக்கிறேன் என்று சொல்லி, நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவங்க அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதாந்த்தா."

"நல்ல அர்த்தந்தான் மாமா" என்றாள். சொல்லிக்கொண்டே ரவிக்கைத் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுகிறவனிடம் அது செல்லுமா?

"ஏந்த்தா, பள்ளிக்கூடத்துல பொய்யும் ஒரு பாடமா நடத்துறியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "பேசிப் பிரயோசனமில்ல, சும்மா இருங்கன்னு அர்த்தம் மாமா. கோவத்துல சொல்லிருக்க மாட்டாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, தம்பி. முதலில் அந்த டாக்டரின் முகம் ஞாபகம் வந்தது. அப்புறம் டீக்கடையில் பேப்பர் படிக்கிற வாத்தியார், முடிவெட்டும் இடத்தில் காத்திருந்த காலேஜ் பையன்கள் என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யார் யாருக்கு அர்த்தம் தெரிந்திருக்கும் என்று யோசித்ததிலேயே அசந்துபோனேன். அந்த அசதி இன்னும் போகவில்லை. கல்யாண வேலையின் அசதி என்று உங்கம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தியம்மா காபியோடு வந்தார். "அன்னைக்கு நீங்க சொன்னத நான் அன்னைக்கே மறந்துட்டேன் சம்பந்தி" என்றார். நான் கேட்கவே இல்லை. மறந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. அப்புறம் அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகு வந்ததுதான் உள்ளே இருந்த பேச்சு. "எம் பிள்ளை இங்க வாய் ஓயாமப் பேசுவா. அங்கிட்டு வந்து ஒடுங்கிப் போயிருவாளோன்னு எனக்குக் கவலை. இப்பப் பாத்தா அந்த வீட்ல நீங்களே பேசப் பயந்துக்கிட்டு இருக்கீங்க." நான் காபியைக் குடித்தேன். வாசல்வரை வந்த சுபா, செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துல பேசுங்க மாமா. தமிழ்ல பேசுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தது. அவர் தலைக்கு மேல் ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் திருச்சி ரூட் ஓட்டிய காலத்தில் உன்னைக் காலேஜ் ஹாஸ்டலில் விட என் வண்டியிலேயே கூட்டிப்போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீயும் இப்படித்தான் பின்னால் உட்கார்ந்திருந்தாய், மடியில் பக்கெட்டோடு. கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "பிடிக்கலன்னா திரும்பி வந்துர்றா, படிப்பு போனாப் போகுது" என்று ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். கீரனூர் தாண்டிச் சொல்லலாம் என்று இருந்தேன். தாண்டியபிறகு, ஊர் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அந்தப் போர்டு எனக்கும் வசதியாக இருந்தது, உனக்கும் வசதியாக இருந்தது. திருச்சியில் இறங்கி நீ போய்வாரேன் என்றாய், நான் ஹாரன் அடித்தேன். அந்த வருஷம் முழுக்க நீ ஹாஸ்டல் குளியலறையில் அழுததை ரொம்ப நாள் கழித்து உங்கம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லாமல் வைத்த அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. சீல்கூட உடைக்கவில்லை, ஆனால் காலாவதியாகிவிட்டது. யாருக்கும் கொடுக்க முடியாது.

உன்மேல் தப்பு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அந்த பஸ்ஸில்தான் நினைத்தேன். பேசாமல் இருக்க நீ கற்றுக்கொண்டது என்னிடம்தான். நான் ஊரில் எல்லாரிடமும் வாயடித்துவிட்டு, வீட்டில் முக்கியமானதை மட்டும் எடுத்து ஒளித்து வைக்கிறவன். என் வியாதியும் அதே ஜாதிதான். டாக்டர் கையால் ஊதிக் காட்டி விளக்கினார். எல்லாரும் நினைக்கிறமாதிரி எனக்கு மூச்சு உள்ளே போகாமல் இல்லையாம். உள்ளே போனது முழுசாக வெளியே வரமாட்டேன் என்கிறதாம், அதனால்தான் அடுத்ததற்கு இடமில்லாமல் திணறுகிறேனாம். அப்படிப் பார்த்தால் நான் பிறவியிலேயே மூச்சைச் சேர்த்து வைக்கிறவன், நீ சொல்லவே வேண்டாம். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். நீ வேலை பார்ப்பதே ஊரார் விஷயங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிற கம்பெனியில். ஸ்டோரேஜ் என்று நீ சொன்னதைக் கேட்டு, மீனை ஐஸில் வைக்கிற இடம் என்று நினைத்து உங்கம்மா ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாளே. அந்த வேலையை ஆபீஸோடு விட்டுவிடு. சுபாவிடம் கோபம் என்றால் சொல்லிவிடு, ஆசை என்றாலும் சொல்லிவிடு, பயமாக இருக்கிறது என்றாலும் சொல்லிவிடு. நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்காதே. தப்பான வார்த்தை வந்தால் வரட்டும். அவள் டீச்சர், திருத்திக்கொள்வாள்.

இனி ரிசப்ஷனுக்கு வருகிறேன். உன் மேனேஜரை வழியனுப்ப நீ கீழே காருக்குப் போனாய். மேடையில் சுபா தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் சம்பந்தியம்மா ஒரு விசிறியோடு இருந்தார். பாட்டு நின்றிருந்தது. உங்கம்மா பந்தி பக்கம் போயிருந்தாள், வேட்டியை இழுக்க ஆளில்லை. நான் ஏறிப் போய் மைக்கை எடுத்தேன். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்ததாலோ என்னவோ, இளைப்பே வரவில்லை. மைக் இருக்கிறதே என்று மெதுவாகவே, சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "சம்பந்தியம்மா, அன்னைக்கு ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லிட்டேன். இன்னைக்குச் சரியாச் சொல்றேன். ஒங்க பிள்ளை எங்க வீட்ல தோணுனதப் பேசலாம். தப்பாக்கூடப் பேசலாம். நான் பேசாத தப்பையா அவ பேசிறப் போறா?" அவ்வளவுதான். ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லை. பக்கத்தில் சுபா, "போதும் மாமா, கண்மை கலைஞ்சுரும்" என்றாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். எனக்கு ஒரு மலையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது. மைக்கை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். அப்போதுதான் நீ மேலே வந்தாய்.

சாப்பிட்டுக் கைகழுவுகிற இடத்தில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் அக்கறையாக விசாரித்தார்: "மைக்கு வேலை செய்யுதான்னு பாத்தீங்களா சம்பந்தி? சரியாயிருச்சா?" நான் ஆயிடுச்சுங்க என்றேன். ஆகவே தம்பி, உனக்கு ஒரு வேலை இருக்கிறது. மறுவீட்டுக்கு அரிமளம் போவாய் அல்லவா, அப்போது மேலே எழுதியிருப்பதை அவரிடம் நீ உன் வாயால் சொல்லிவிடு. மைக் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். கேட்டது சுபா ஒருத்திதான், அவளே தன் அம்மாவிடம் சொன்னால் நன்றாக இருக்காது. எனக்கு இன்னொரு தடவை தெம்பில்லை. நீ சொன்னால் அவருக்கு இரண்டு விதத்தில் நிம்மதி.

ஏன் கேட்கவில்லை என்று அன்றே மைக்செட்காரரிடம் போய் விசாரித்தேன். "பேட்டரி கொஞ்சமாத்தாண்ணே இருந்துச்சு. முக்கியமான ஆளுக பேசுறப்ப வேணுமேன்னு ஆஃப் பண்ணி சேவ் பண்ணி வச்சுருந்தேன்" என்றார். நல்லது என்றேன். சாப்பிட்டாரா என்று கேட்டேன், இல்லை என்றார், கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மண்டபத்தைக் காலி செய்யும்போதும் அந்த பேட்டரி அப்படியே இருந்ததாம்.